புதிர் நாளும் பாஸ்தாப் பெட்டியும்

என் வயிறு என்னை மதிப்பதில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை. ஊருக்கே தெரிந்த விஷயத்தில் என்ன வெட்கம்? மாமாங்கத் திருவிழாவில் ஒரு சுருள் கடலை தின்றால் போதும், இரண்டு நாள் லீவு போட வேண்டிவரும்.

இந்த வயிற்றோடுதான் ஆவணியில் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி மனைவி சுபாவின் வீட்டுக்கு, வவுணதீவுக்குக் குடிவந்தேன். மாமா வயல்காரர். மூன்று வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். முதல் வாரமே மாமியின் நண்டுக் கறி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மாமா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வட்டைக்குப் போய்விட்டார். (வயல்வெளியைத்தான் வட்டை என்போம்.) ‘இந்த மருமகன் தேறமாட்டான்’ என்று அவர் முடிவுகட்டிவிட்டதாக நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன்.

தை பிறந்தது. முதல் நெல்லைக் குத்திச் சமைத்து, தைப்பூசத்தன்று நல்ல நேரத்தில் சுவாமிக்குப் படைத்து உண்பதுதான் புதிர். மருமகன் முதல் பிடி வாங்கும்வரை மற்றவர்கள் வாய்வைக்கமாட்டார்கள் என்பது மாமா வீட்டு வழக்கம். புத்தரிசியோ வயிற்றுக்கு மந்தம். மாமா முன்னால் இன்னொருமுறை ஓடினால் மானம் கப்பலேறிவிடும். போனில் தேடினேன். இப்படிப்பட்ட வயிற்றுக்கு, பூச்சிமருந்து அடிக்காத தானியத்தில் செய்த ஓகனிக் பாஸ்தா நல்லது என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார்.

டவுன் சுப்பர்மார்க்கெட்டில் ஒரு மணித்தியாலம் நின்று, பெட்டிகளைக் குலுக்கி, முகர்ந்து, கடைசியில் பச்சை இலை போட்ட பெட்டி ஒன்றை எடுத்தேன்.

“அண்ணா, அது கோதுமை இல்ல, அதுல வந்து...” என்று தொடங்கினார் அங்கே வேலைசெய்த பெண்.

“ஓகனிக்தானே தங்கச்சி? எனக்கு அது போதும்,” என்றேன், பெரிய ஆராய்ச்சியாளன் தோரணையில்.

புதிரன்று காலையிலேயே பெட்டியை மாமியிடம் நீட்டினேன்.

“படைக்க முன்னமா மனே சாப்பிடப் போறீங்க?” என்றார். (‘மகனே’ என்பது மாமி வாயில் ‘மனே’.)

“வயித்துக்குப் பதமானது மாமி. இதுல கொஞ்சம் சாப்பிட்டா, மறுகா புதுச்சோறு ஒண்டும் செய்யாது.”

மாமி முகம் வாடினாலும் அவித்துத் தந்தார். ஒரு கோப்பை நிறையச் சாப்பிட்டேன். சுவாமிக்குப் படைத்து, மாமா முதல் பிடியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, என் வயிற்றுக்குள் யாரோ உழவு மிஷினை ஸ்டார்ட் செய்தார்கள். கக்கூசுக்குப் பறந்தேன்.

“மருமகன், நேரம் போகுது!” வெளியே மாமாவின் குரல்.

“வாறன் மாமா!”

எங்கே வருவது? எழும்பினால் மறுபடி குந்தவேண்டியிருந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் வாய்வைக்கவில்லை. அப்போது சுபாவின் குரல் கேட்டது.

“‘நூறு வீதம் கடலை மா’ எண்டு பெட்டிக்குப் பின்னால கொட்டை எழுத்துல கிடக்கே! நீங்க வாசிக்கல்லியா?”

“கடலையா!” என்று உள்ளேயிருந்து அலறினேன்.

வெளியே வீடே சிரித்தது. நான் கதவைத் திறந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. மாமா மட்டும் அந்த ஒரு பிடிச் சோற்றோடு முற்றத்திலேயே நின்றார்.

“உங்கட வயித்துக்கு ஒத்துக்கொள்ளட்டும் எண்டுதான் வட்டையில மேட்டுத் துண்டுக்கு மருந்தே அடிக்கல்ல. அந்த நெல்லுதான் இது.”

கலியாணமான நாளிலிருந்து அவர் என்னோடு பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. (பாஸ்தாவுக்கும் அதில் கொஞ்சம் பங்குண்டு.) அந்தப் பிடியைக் கைநீட்டி வாங்கிச் சாப்பிட்டேன். மிச்சத்தை மாமி கஞ்சியாகக் கரைத்துத் தந்தார். இரண்டு கோப்பை குடித்தேன். வயிறு மூச்சுக்காட்டவில்லை.

இப்போதும் எங்கள் வீட்டில் புதிருக்கு இரண்டு நேரம் குறிப்பார்கள்: ஒன்று பஞ்சாங்க நேரம், மற்றது எனக்கு மட்டும், கக்கூசுக்குப் போய்வர, அரை மணித்தியாலம் முந்திய நேரம். அந்த மேட்டுத் துண்டுக்கு இன்றுவரை மருந்து அடிப்பதில்லை. அதில் விளையும் நெல் மூட்டையில் மாமா அந்தப் பழைய பாஸ்தாப் பெட்டியின் அட்டையைக் கட்டித்தான் வைக்கிறார். “பின்பக்கத்த வாசிச்சுப் போட்டுச் சாப்பிடுங்க,” என்று சுபா ஒவ்வொரு வருஷமும் நினைவூட்டுவாள்.

வாசிக்காமல் விடுவேனா? ‘கடலை மா’ என்றிருந்த இடத்தை அடித்துவிட்டு, மாமா கரிக்கட்டியால் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறார்: நெல்.