ஓவர்ஹால் செய்த விமானமும் கிள்ளான் கார் வியாபாரியும்

நான்கு சக்கரம் இருந்தால் போதும், எதன் விலையையும் சொல்லிவிடுவேன். கிள்ளான் நகரில் பழைய கார் வாங்கி விற்பவன் நான். கதவைச் சாத்தும் சத்தத்தை வைத்தே வண்டி எங்கே இடிபட்டது என்று கண்டுபிடிப்பேன். (என் மனைவி இதை நம்புவதில்லை. அவள் நம்பாதது இது ஒன்று மட்டுமல்ல.) சின்ன விமானத்துக்கு மூன்றே சக்கரம் என்பதை மட்டும் அன்றைக்குக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

என் மனைவியின் தம்பி ஜெகன், சரவாக் மாநிலத்து உள்காட்டில் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவன். மலைக் கிராமங்களுக்கு அரிசி, சமையல் கேஸ் தோம்பு எல்லாம் ஏற்றிப் போவான். திரும்பும்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களை ஏற்றி வருவான். இனி சொந்தமாகவே இந்தத் தொழிலைச் செய்வதென்று வேலையை விட்டான். குட்டையான புல் ஓடுபாதையில் இறங்கி ஏறக்கூடிய விமானம் ஒன்று சுபாங் விமான நிலையத்தில் விலைக்கு வந்தது. அது கிடைக்காவிட்டால் தொழிலே இல்லை. என் மனைவி வீட்டாரோ பேரம் பேச வராதவர்கள். அதனால் என்னைக் கூப்பிட்டான்.

போகும்போதே கெஞ்சினான். "மாமா, வெலைய மட்டும் பேசுங்க. ப்ளேனைப் பத்தி வாயத் தொறக்காதீங்க."

"நான் பாக்காத வண்டியா மச்சான்? கவலைய விடு லா."

விற்பவர் ஓய்வுபெற்ற கேப்டன், யாழ்ப்பாணத் தமிழர். சட்டையில் ஒரு கசங்கல் கிடையாது. ஜெகன் அங்கிருந்த மெக்கானிக்கோடு விமானத்தைச் சுற்றிப் பார்க்கப் போக, கேப்டன் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டுப் பெருமையாகச் சொன்னார்: "போன மாசம்தான் எஞ்சினை முழுக்க ஓவர்ஹால் செய்விச்சனான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் தொழிலில் அந்த வார்த்தையைச் சொன்னால் வாங்க வந்தவன் சாவியை வைத்துவிட்டுப் போய்விடுவான். பாவம், மனிதர் தானாகவே மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

"அங்கிள், எஞ்சின் பிரிச்ச வண்டின்னா பாதி வெலதான் போகும்."

அவர் தன் காப்பியைக் கீழே வைத்தார். நான் விடவில்லை.

"அதுவும் போகப்போற எடம் காடு. ரோடே கெடையாது. நாளைக்கு அங்க இத யாரு வாங்குவா?"

"தம்பி, ரோடு இல்லாதபடியாலதான் அங்க ப்ளேனுக்கு விலை. ரோடு வந்தால் இதை ஆர் கேக்கப் போகினம்?"

தோற்றுக்கொண்டிருப்பது தெரியாதவனுக்கு வரும் உற்சாகம் தனி. எழுந்து போய், இடிபட்ட இடத்தைப் புட்டி பூசி மறைத்திருக்கிறார்களா என்று விமானத்தின் வயிற்றை விரலால் தட்டிப் பார்த்தேன். ஜெகன் முகம் வெளுத்தது.

கேப்டன் குரலை உயர்த்தவில்லை. "ஜெகன், ப்ளேன் விற்பனைக்கு இல்லை. நீர் இவரைக் கூட்டிக்கொண்டு போம்."

காரில் கிள்ளானுக்குத் திரும்பினோம். ஷா ஆலம் தாண்டியதும் ஜெகன் மெதுவாக ஆரம்பித்தான்.

"ப்ளேன் எஞ்சினுக்கு இத்தன மணி நேரம்தான் ஓடலாம்னு கணக்கு இருக்கு மாமா. முடிஞ்சா பிரிச்சுப் புதுசாக்கணும். அந்தச் செலவுல நல்ல காரே வாங்கலாம். அவரு அதச் செஞ்சு வச்சிருக்காரு. காட்டுல எஞ்சின் படுத்துட்டா பார்ட்ஸ் வர்றதுக்கே மாசக்கணக்காகும். அதுக்குத்தான் அந்த வெல." கொஞ்சம் நிறுத்தினான். "நோயாளிங்களுக்கு உதவும்னு கொறச்சுத் தரேன்னு போன்லயே சொல்லியிருந்தாரு."

வெட்கத்தில் காரின் ஏர்கானைக் கூட்டி வைத்தேன்.

மறுவாரம் ஜெகன் தனியாகப் போய், காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு, முழு விலை கொடுத்து விமானத்தை வாங்கினான். தொழில் இப்போது நன்றாக நடக்கிறது. (அதற்கு நான் செய்யும் ஒரே உதவி, அந்தப் பக்கம் போகாமல் இருப்பது.)

போன வருடம் எனக்கு இதய ஆபரேஷன். கண் விழித்தபோது ஜெகன் கட்டில் பக்கத்தில் நின்று தன் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "மாமாவ ஓவர்ஹால் பண்ணிட்டாங்கக்கா. இனிமே பாதி வெலதான்."

குரல் சரியாக வராத நிலையிலும் நான் தொழிலை விடவில்லை. "ப்ளேன் கணக்குல பாரு மச்சான். வெல ஏறியிருக்கு."

என் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னாள்: "ஏறட்டும். வாங்குற ஆளு வரட்டும், நான் பேரமே பேச மாட்டேன்."

இப்போதெல்லாம் தீபாவளிக்கு வருகிற உறவுக்காரர்கள் முறுக்கைக் கையில் எடுப்பதற்கு முன்பே என் விலையை விசாரிக்கிறார்கள்.