முனியாண்டி மாமாவின் கடைசிக் குரலும் என் ஆம்ப்ளிஃபயரும்

சாவு வீட்டில் படித்த பிள்ளைகளைச் சும்மா உட்கார வைப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. அழத் தெரிந்தவர்கள் அழட்டும், சமைக்கத் தெரிந்தவர்கள் சமைக்கட்டும். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த எனக்கு இரண்டுமே வராது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முனியாண்டி மாமா என் அப்பாவின் அக்காள் கணவர். ரப்பர் தோட்டத்தை விட்டுச் சிரம்பான் பக்கத்துப் பாரோய்க்குக் குடிவந்த பிறகும் தோட்டக் காலத்து மோட்டாரைத்தான் ஓட்டினார். (மோட்டார் என்றால் எங்களுக்கு இரண்டு சக்கர வண்டி.) ‘டுப் டுப்’ என்று அது முச்சந்தியில் திரும்பும்போதே அத்தை எழுந்து தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைப்பார். ரப்பர் ஃபேக்டரியில் மெஷின் பக்கத்திலேயே நின்று காது போன அத்தைக்கு, நாங்கள் பேசுவது கேட்காது, அந்த மோட்டார் மட்டும் கேட்கும். இந்த அதிசயத்தைக் கொஞ்சம் யோசித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

மாமா சிரம்பான் ஆஸ்பத்திரியில் நுரையீரல் கெட்டு இறந்துபோனார். அதற்கு முந்தின நாள் அத்தையின் கைப்பேசிக்குக் குரல் செய்தி ஒன்று அனுப்பியிருந்தார். “சாப்பிட்டியா? மருந்து போட்டியா? நான் வந்துருவேன், பயப்படாத.” அவ்வளவுதான். நாங்கள் அதை அத்தையின் காதில் கத்திச் சொன்னோம்.

“நீங்க சொல்றது வேணாம்லா. அவரு சொல்றத நான் கேக்கணும். பொட்டி மூடறதுக்குள்ள ஒரு தடவ.”

வாடகை ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தார்கள். குரலோடு ஆஸ்பத்திரி மெஷினின் இரைச்சலும் சேர்ந்து பெருகியது. அப்போதுதான் நான் எழுந்தேன். (யாரும் கூப்பிடவில்லை.) என் புரோஜெக்ட்டே பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயர்தான். இரைச்சலை வடிகட்டும் சர்க்கியூட்டும் அதற்குள்ளேயே உண்டு.

வடிகட்டி ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கரண்டைக் குடிக்கும். கூட்டினால் குரல் சுத்தமாகும், பேட்டரி சீக்கிரம் சாகும். குறைத்தால் பேட்டரி தாங்கும், இரைச்சலும் தங்கும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அதைக் கண்டுபிடி என்று எங்கள் விரிவுரையாளர் தொண்டை வறளச் சொல்லியிருந்தார். நான் கண்டுபிடிக்கவில்லை, நான்கு வடிகட்டிகளை அடுக்கினேன். ஒருவர் ரப்பர் மரம் வெட்ட, நான்கு மண்டோர் கங்காணிகள் பின்னால் நின்று சம்பளம் வாங்கும் தோட்டம் மாதிரி ஆனது என் சர்க்கியூட்.

“கரண்ட்லயே குத்திடலாம்லா,” என்றான் மாமாவின் மகன் செல்வம்.

“கரண்ட் அதோட இரைச்சலையும் கொண்டாரும். பேட்டரிதான் சுத்தம்.”

“தாங்குமா?”

“அதெல்லாம் தாங்கும்!”

தாங்குமா என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். போடாமல், வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் மாமாவின் குரலைப் போட்டுப் போட்டுக் காட்டினேன். “எதிர்ல நின்னு பேசற மாதிரியே இருக்கே,” என்று போர்டிக்சனிலிருந்து வந்த சித்தப்பா கண்ணைத் துடைத்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. (பக்கத்தில் பிணம் கிடக்கிறது. அப்பேர்ப்பட்ட பிறவி நான்.)

தேவாரம் பாடியவர் நேரமாகிறது என்று சைகை காட்டினார். அத்தை பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா போனதிலிருந்து அவர் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. அதுதான் எங்கள் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

ஸ்பீக்கரை மாமாவின் தலைமாட்டில் அத்தையின் காதுக்குப் பக்கமாக வைத்துப் பொத்தானை அழுத்தினேன். குரல் அப்பழுக்கில்லாமல் வந்தது. கூடமே விம்மியது.

அத்தை என்னைப் பார்த்தார். “எங்க பாப்பா, போடேன்.”

போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஃபேக்டரி மெஷின் தின்றது அத்தையின் காதில் மெல்லிய, கூர்மையான சத்தங்களை. கனத்த சத்தங்கள் மட்டுமே அவருக்கு மிச்சம். இரைச்சல் என்று நான் வடிகட்டி எறிந்தது அவற்றைத்தான். இது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. அந்த நேரத்தில் செய்யத் தெரிந்ததெல்லாம், சத்தத்தை முழுக்கத் திருகுவது.

பேட்டரி படுத்துவிட்டது. குரல் கரகரத்து அறுந்து, ‘டுப் டுப் டுப் டுப்’ என்று துடிக்க ஆரம்பித்தது. பேட்டரி சாகும்போது சில ஆம்ப்ளிஃபயர்கள் அப்படித்தான் செய்யும், பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். செத்துப்போய்விடலாம் போல இருந்தது எனக்கு. அணைக்கப் போன என் கையை அத்தை பிடித்துக்கொண்டார்.

“அவரு மோட்டாருடி.”

அத்தை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“வந்துட்டாரு… ஐயோ, வந்துட்டாரு!” என்று பெட்டி மேல் விழுந்து அப்போதுதான் அழுதார். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. துடிப்பு மெல்ல மெல்லத் தேய்ந்து நின்ற பிறகு மூடியைப் பொருத்தினார்கள்.

“மோட்டார் சத்தத்தக்கூடச் சேத்து வச்சிருக்கியே, படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்,” என்று சித்தப்பா என் முதுகில் தட்டினார். அது பேட்டரி செத்த சத்தம் என்று செல்வத்திடம் மட்டும் சொன்னேன். (செல்வத்திடம் சொன்னால் போதாதா? கருமாதிக்குள் நெகிரி செம்பிலான் மாநிலம் முழுக்கத் தெரிந்துவிட்டது.)

வேலைக்குப் போனதும் அத்தைக்கு நல்ல காதுக் கருவியாக வாங்கிக் கொடுத்தேன். மாமாவின் செய்தியை இப்போது போடட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம் பாப்பா. அதுல அவரு ஆஸ்பத்திரில கெடக்காரு. ஒன் பொட்டிலதான் வீட்டுக்கு வராரு.”

ஆகவே வருஷா வருஷம் மாமாவின் திதிக்குப் படையல் போட்டதும், அந்தப் பாழாய்ப்போன ஆம்ப்ளிஃபயரில் ரிமோட்டிலிருந்து கழற்றிய தீர்ந்த பேட்டரிகளைப் போடுகிறேன். “புதுசு போட்டுடாதலா, அப்பா வரமாட்டாரு,” என்பான் செல்வம். எல்லோரும் சிரிப்போம். அத்தை மட்டும் சிரிக்காமல் எழுந்துபோய்த் தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைப்பார்.