இது எந்த ஆங்?

மலைக்கோயில் ஊரில் பிறந்தவனுக்கு மலை ஏறத் தெரியும் என்று வெளியூர்க்காரர்கள் மனமார நம்புகிறார்கள். திருத்தணிக்காரர்களாகிய எங்களைப் பற்றிய உண்மையை நானே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு மலை என்றால் கோயில். "மலைக்குப் போறேன்" என்றால் சாமி கும்பிடப் போகிறேன் என்று அர்த்தம். மலைக்கு பஸ் போகிறது, ஆட்டோ போகிறது, பைக் போகிறது. படியில் ஏறுகிறவர்கள் வேண்டுதல்காரர்களும் வெளியூர்க்காரர்களும்தான். நான் வேண்டிக்கொள்ளும்போதே படிக்குச் சம்பந்தமில்லாத வேண்டுதலாகப் பார்த்து வேண்டிக்கொள்கிறவன். (மொட்டை அடித்தால் மூச்சு வாங்காது.) என் வாழ்க்கையில் நான் முட்டி மோதி ஏறியது காலை நேரத்து மின்சார ரயிலில் மட்டும்தான்.

அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்பதுதான் சரி. வந்த சம்பந்தம் எல்லாம் ஏதோ ஒரு காரணத்தில் தட்டிப்போய்க்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் நான் ரொம்ப அமைதியாக இருக்கிறேன் என்றார்கள். அடுத்த வீட்டில் கொஞ்சம் வாயைத் திறந்தேன், அதற்கு முன்னால் இருந்ததே தேவலை என்றார்கள். அந்தச் சமயத்தில்தான் ரேவதியின் சம்பந்தம் வந்தது. கோயம்புத்தூர்ப் பெண், சென்னையில் வேலை. முதலில் போனில் பேசிப் பார்க்கட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

"வேலை நேரம் போக என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"மாசா மாசம் தவறாம மலை ஏறுவேங்க" என்றேன். (கிருத்திகைக்கு. அம்மாவோடு. பஸ்ஸில்.)

அந்தப் பக்கம் குரலே மாறிவிட்டது. "நிஜமாங்களா? நானும் ஏறுவேனுங்க! நீங்க கயிறு போட்டு ஏறுவீங்களா, கயிறு இல்லாமயா?"

கோயிலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த இரண்டு பக்கமும் கயிறு கட்டுவார்கள். அதைத்தான் கேட்கிறாள், விவரமான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

"கூட்டமா இருந்தா கயிறு கட்டுவாங்க. சாதா நாள்ல கயிறெல்லாம் கிடையாதுங்க."

"பயமா இருக்காதுங்களா?"

"இதுல இன்னாங்க பயம்? சின்ன வயசுலருந்து ஏறிகினுதான கீறோம். எங்கம்மாவே ஏறுவாங்க."

"அம்மாவுமா? கயிறு இல்லாமயா?"

"முட்டி வலி வந்ததுலருந்து கொஞ்சம் கொறச்சிக்கினாங்க."

பிறகு தயங்கித் தயங்கி, "ஷூ என்ன போடுவீங்க?" என்றாள்.

"செருப்பையே கீழ விட்டுட்டுத்தாங்க போவோம். வெறுங்கால்தான்."

"உங்கள நேர்ல பாக்கணுமுங்க" என்றாள் ரேவதி. என்னைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒரு பெண் சொன்னது அதுவே முதல்முறை. எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே நல்ல பாறை இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து ஏறலாமாம். சரி என்றேன். நான் அன்றைக்கு எதற்கும் சரி என்றிருப்பேன்.

சனிக்கிழமை அவள் ஒரு வீடியோ அனுப்பினாள். செங்குத்தான ஒரு பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஒரு பெண் மேலே போய்க்கொண்டிருந்தாள். பாதியில் திரும்பிப் பார்த்துச் சிரித்தபோதுதான் அது ரேவதி என்று தெரிந்தது. அவள் கேட்டது எந்தக் கயிறு என்றும் புரிந்தது. உடனே பாவாவிடம் ஓடினேன்.

பாவா என் அக்காவின் கணவர். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கிறார். இருபத்து நான்கு மணி நேரமும் தறிச் சத்தத்தில் இருப்பதால் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனாலேயே அவர் ரகசியம் பேசினால் பக்கத்துத் தெரு திரும்பிப் பார்க்கும். வீடியோவைப் பார்த்துவிட்டு, "நீ இன்னா பொய்யா சொன்ன? அவங்களாத்தான தப்பா புரிஞ்சிக்கினாங்க" என்று சமாதானம் சொன்னார். "பேசாம ஏறிடு மச்சான். ஆடு ஏறுது, உனக்கு இன்னா?"

ஞாயிற்றுக்கிழமை காலை மின்சார ரயிலில் முதுகில் ஒரு மூட்டையோடு ரேவதி வந்து இறங்கினாள். பாவாவின் குட்டியானை லோடு வண்டியில் கிளம்பினோம். முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம் என்பதால் அவளும் பாவாவும் முன்னால், மாப்பிள்ளையாகிய நான் பின்னால் நூல் மூட்டைகளோடு.

அந்தப் பாறையை எனக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். கிட்டே போனபோது அது ஜன்னலில் தெரிந்ததைவிட உயரமாக இருந்தது. பக்கத்து நிலத்தில் வேர்க்கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஓர் அம்மா நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"இன்னாம்மா, மேல ஆடு எதுனா மாட்டிகிச்சா?"

"இல்லீங்க. சும்மா ஏறப் போறோம்" என்றாள் ரேவதி.

"சும்மாவா? மேல இன்னா கீது?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஏறிட்டு?"

"எறங்கிருவோமுங்க."

அந்த அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு, "ஏய், வாங்கடி! சும்மா ஏறி சும்மா எறங்கப் போறாங்களாம்!" என்று மற்றவர்களையும் கூப்பிட்டார். எல்லோரும் வேப்பமர நிழலில் வந்து வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள்.

ரேவதி பின்பக்கச் சரிவு வழியாக மேலே போய்க் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டு வந்தாள். எனக்குக் காட்டுவதற்காகக் கொஞ்ச உயரம் ஏறி இறங்கினாள். அவள் ஏறியதைப் பார்த்தால் பாறையே அவளுக்குக் கை கொடுப்பதுபோல் இருந்தது. அதற்கு முன்னால் இவ்வளவு அழகாக யாரும் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. எதற்காக ஏறுகிறீர்கள் என்று கேட்டேன்.

"கீழ இருக்கறப்ப மண்டைக்குள்ள நூறு பேர் பேசிட்டே இருப்பாங்க. பாறையில ஏறிட்டா ஒருத்தரும் பேச மாட்டாங்க. அடுத்த கை எங்க, அடுத்த கால் எங்க, அவ்வளவுதானுங்க. அந்த அமைதி வேற எங்கயும் கெடைக்காது."

அந்த இடத்தில் எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. இந்தச் சம்பந்தம் தட்டிப்போகக் கூடாது என்று முதல்முறையாக நானே ஆசைப்பட்டேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. நான் சொல்லவில்லை.

"உங்களுக்குத்தான் ஷூவே வேண்டாமுங்களே" என்று எனக்காக எடுத்த ஷூவைத் திரும்பப் பையில் வைத்தாள் ரேவதி. "கயிறும் வேண்டாமுங்களா?"

பாவா குறுக்கே புகுந்தார். "கயிறு இருக்கட்டும்ங்க. இன்னிக்குக் கூட்டமா கீது பாருங்க" என்று வேப்பமரத்தடியைக் காட்டினார். இந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனிதர் பின்னால் செய்த அத்தனையையும் மன்னித்துவிட்டேன்.

என் இடுப்பிலும் தொடையிலும் பட்டைகளை மாட்டி, கயிற்றைக் கோத்து, அதன் மறுமுனையை ரேவதி தன் இடுப்பில் கோத்துப் பிடித்துக்கொண்டாள். நான் ஏறத் தொடங்கினேன். வெயிலில் பாறை காய்ந்த தோசைக்கல்லாக இருந்தது. கால் சுட்டதால் வேகமாக ஏறினேன். அந்த வேகத்தைப் பார்த்து ரேவதி "சூப்பருங்க!" என்றாள். அந்தப் பாராட்டிலேயே இரண்டு ஆள் உயரம் போய்விட்டேன்.

அதற்கு மேல் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. கீழே பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. வலது கால் தானாக ஆட ஆரம்பித்தது. பாவாவின் தறிகூட அந்த வேகத்தில் ஓடி நான் பார்த்ததில்லை. மண்டைக்குள் பேசுகிற நூறு பேரும் அமைதியாகவில்லை, உறவினர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கேஸ் சிலிண்டருக்குச் சொல்லவில்லை என்றது ஒரு குரல். மாலை போட்டு மாட்டுகிற போட்டோவில் எந்தச் சட்டையில் இருப்பேன் என்றது இன்னொன்று.

கீழேயிருந்து ரேவதி ஏதோ கேட்டாள். காற்றில் சரியாகக் கேட்கவில்லை.

"ஆங்?" என்றேன்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. எங்கள் பக்கத்தில் "ஆங்" என்றால் ஆமாம். அதையே கொஞ்சம் சுழித்துச் சொன்னால், என்ன சொன்னீங்க என்று அர்த்தம். எல்லாம் அந்தச் சுழியில்தான் இருக்கிறது. பாறையில் தொற்றிக்கொண்டிருந்த எனக்குச் சுழிக்கத் தெம்பில்லை.

ரேவதி கேட்டது, "எறக்கட்டுங்களா?"

"ஆங்-ன்ட்டாங்க. எறக்குங்க" என்று பாவா மொழிபெயர்த்தார்.

அவள் கயிற்றைத் தளர்த்தினாள். பாறையை விடாமல் கட்டிப்பிடித்திருந்த நான், இடுப்பில் பிடி தளர்வதை உணர்ந்ததும் கயிறு அறுந்துவிட்டது என்றே முடிவு செய்தேன். "முருகா!" என்று அலறிக் கையை விட்டேன். சட்டென்று கயிறு இழுத்துப் பிடித்தது. ஒரு சுற்றுச் சுற்றி, பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தரத்தில் தொங்கினேன். எதிரே வேப்பமரத்தடியில் மொத்தக் கூட்டமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. சாகப்போகிறவன் பொய்யோடு போகக் கூடாது என்று அப்போதுதான் எனக்கு ஞானம் வந்தது.

"ஏங்க! நான் சொன்னது கோயில் மலைங்க! படிக்கட்டுக் கீதுங்க! அந்தப் படியிலயும் ஏற மாட்டேங்க, பஸ்லதாங்க போவேன்! எங்கம்மாவும் பஸ்தாங்க!"

களை எடுக்கிற அம்மா, "பாவம், பஸ்லயே போயிருக்கலாமே" என்றார்.

ரேவதி முகம் எனக்குத் தெரியவில்லை. அவள் ஏதோ சொன்னாள். சரியாக அந்த நேரம் பார்த்து ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"ஆங்?" என்றேன்.

பாவா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரேவதியிடம் மெதுவாக (அதாவது நிலமெல்லாம் கேட்கிறபடி), "ஆங்-ன்றாங்க" என்றார்.

ரேவதி பேசாமல் என்னைப் பூப்போல இறக்கினாள். முடிச்சுகளை அவிழ்க்கும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பொய் சொன்னவனுக்கு இது வேண்டியதுதான் என்று நானும் தலைகுனிந்து நின்றேன். பாவா கொஞ்சம் தள்ளிப் போய் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார். திரும்பவும் அவள் முன்னால், நான் பின்னால், வண்டி திருத்தணிக்குக் கிளம்பியது. நூல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

பாதி வழியில் அக்கா போன் செய்தாள்.

"ஏன்டா, எவ்ளோ தைரியம் உனக்கு? பொண்ணு வேணாம்ட்டியாமே?"

"நானா?"

"பாவாதான் சொன்னாரு. இந்தச் சம்பந்தம் வேணாம்னு வீட்ல சொல்லிடவான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சாம். நீ தொங்கிகினே ஆங்-ன்னியாமே!"

வண்டியின் கூரையைப் படபடவென்று தட்டினேன். "நிறுத்து பாவா! நிறுத்து!" பாவாவுக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து அன்று அந்தச் சாலையில் போன மற்ற எல்லா வண்டிகளும் நின்றன. எங்கள் வண்டி ஸ்டேஷனில்தான் நின்றது. ரேவதி மூட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெறுங்காலோடு (செருப்பு பாறையடியிலேயே கிடந்தது) பிளாட்பாரத்துக்கு ஓடினேன்.

"நான் வேணாம்னு சொல்லலைங்க! நீங்க கேட்டது காதுலயே விழலைங்க! இன்னான்னு கேட்டேன்!"

"ஆங்-ன்னா ஆமான்னுதானுங்களே உங்க பாவா சொன்னாரு?"

"அது வேற ஆங்-ங்க. ஆங். இது ஆமாம். ஆங்? இது இன்னா. வித்தியாசம் தெரியுதுங்களா?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மூச்சிரைக்க வந்து சேர்ந்த பாவா, "ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது மச்சான்" என்றார்.

ரேவதி சிரிக்கவில்லை. "ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லணும். அங்க தொங்கறப்ப உங்களுக்கு என்னங்க தோணுச்சு?"

இனி இழக்க ஒன்றுமில்லை என்பதால் யோசித்துச் சொன்னேன். "நீங்க கயித்த விட்டுடக் கூடாதுன்னு தோணுச்சுங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமே தோணலைங்க. சிலிண்டர்கூட மறந்துபோச்சு."

அவள் முகம் மெல்ல மலர்ந்தது. "அதுக்குத்தானுங்க ஏறறது" என்றாள். "பரவால்லயே, மொத நாளே கெடைச்சிருச்சே உங்களுக்கு!"

சென்னை ரயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவள் சத்தமாகக் கேட்டாள், இந்த முறை ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. "அப்ப வீட்ல சரின்னு சொல்லிடட்டுங்களா?"

"ஆங்" என்றேன்.

கதவுக் கம்பியைப் பிடித்தபடி ரேவதி கேட்டாள், "இது எந்த ஆங்?"

கல்யாண மேடையில் தாலி கட்டுவதற்கு முன்னால் பாவா மைக்கை வாங்கி இதே கேள்வியைக் கேட்டார். மண்டபமே சிரித்தது. இன்றும் எங்கள் வீட்டில் யார் எதற்குத் தலையாட்டினாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். காபி வேண்டுமா என்று ரேவதி கேட்டால் நான் பள்ளிப் பாடம் ஒப்பிப்பதுபோல "ஆமாம், வேண்டும்" என்றுதான் சொல்கிறேன்.

நான் அதன்பிறகு பாறையில் ஏறவில்லை. கீழே நின்று கயிறு பிடிக்க மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். போன மாதம் அதே பாறைக்குப் போயிருந்தோம். கூடவே பாவா. உச்சிக்குப் போன ரேவதியிடம், "எறக்கட்டுமா?" என்று கத்தினேன். இத்தனை வருடத்தில் அவள் எங்கள் ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டுவிட்டாள். மேலேயிருந்து பதில் வந்தது.

"ஆங்!"

"எறக்கு மச்சான்" என்றார் பாவா.

நான் இறக்கவில்லை. காற்று ஓய்ந்து அவள் ஆமாம் என்று முழுசாகச் சொல்லும்வரை கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மண்டைக்குள் ஒருத்தரும் பேசவில்லை.