எதிரிகள் கிடைக்காத இயக்குநர்

ஆவடி வட்டாரத்தில் மனிதப் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே பிறந்தவர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் பருத்திப்பட்டு 'யுத்தம்' அண்ணாத்தேதான்.

வேலையில் இருந்தவரை ஆவடி தொழிற்சாலையில் ராணுவ டேங்குக்கு நட்டு முடுக்கியவர். ஓய்வு பெற்றதும், போர்க்களத்தில் எதிரிகளுக்குள் துளிர்க்கும் மனிதநேயத்தைக் குறும்படமாக எடுக்கக் கிளம்பிவிட்டார். கதை எப்போதும் ஒன்றுதான். ஒரு பள்ளம், இரண்டு எதிரிச் சிப்பாய்கள், ஒரு தண்ணீர் பாட்டில். படம் முழுக்க முறைப்பார்கள்; கடைசிக் காட்சியில் ஒருவன் மற்றவனுக்குத் தண்ணீர் தருவான்.

ஆனால் நடிகர்கள் கூடாது. தெருவில் நிஜமாகவே பேச்சு அற்றுப்போன இரண்டு பேரைத்தான் பிடிப்பார். "நடிப்பு எனுக்கு வாணாம் நைனா. நெஜ கடுப்பு வோணும்!"

எனக்கும் மாடி வீட்டு சம்பத்துக்கும் அப்போது பேச்சு இல்லை. என் கேட்டை அடைத்துத்தான் பைக்கை நிறுத்துவான். நானும் தவறாமல் அதன் சீட்டில் காக்காவுக்குச் சோறு வைப்பேன். யுத்தம் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். சம்பத் ஒப்புக்கொண்டானாம். அப்புறம் நான் மட்டும் விட்டுக்கொடுக்க முடியுமா?

ஏரியோரம், வடிகாலுக்கு வெட்டிப் பாதியில் விட்ட பள்ளத்தில் இறக்கினார். எங்கள் தலையில் பச்சை பெயின்ட் அடித்த அலுமினியக் குண்டான். சம்பத் கையில் மரத் துப்பாக்கி. மரம்தான் என்று தெரிந்தும் நான் இரண்டடி தள்ளியே நின்றேன். காக்கா விஷயத்தை அவன் மறந்திருப்பானா?

"மொறைங்கடா!" என்று மேலிருந்து செல்போனும் கையுமாகக் கத்தினார் யுத்தம். முறைத்தோம். "சூப்பர் மாமே! கண்ணுல கொலவெறி தெரிது!" என்று நெகிழ்ந்துபோனார்.

அப்போது சேற்றிலிருந்து ஒரு தண்ணீர்ப் பாம்பு நெளிந்து வந்தது. அடுத்த கணம் நான் சம்பத்தின் தோள்மேல் இருந்தேன். எப்படி ஏறினேன் என்பது இன்றுவரை எனக்கே புரியவில்லை.

"யோவ், கழுத்த உடுய்யா! பாம்புக்கு வேலயே வெக்க மாட்ட போல கீது!"

"போயிடுச்சா? நல்லா பாத்து சொல்லுப்பா!"

"அது உன் கத்தல கேட்டே ஓடிச்சு. எறங்குய்யா!"

இறங்கினேன். அவன் சிரித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. தண்ணீர்க் காட்சியில் பாட்டிலை நீட்டி, "காக்காவுக்கு வெச்சது போவ மிச்சம், குடி" என்றான். அவ்வளவுதான், முறைப்பெல்லாம் போயிற்று. சிரிப்புத் தாங்காமல் இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டோம்.

யுத்தம் தலையில் அடித்துக்கொண்டார். "நான் சொல்றதுக்கு முன்னாடியே ராசியாயிட்டீங்களேடா! இத்த வெச்சினு நான் இன்னா பண்ணுவேன்? கட்!"

பிறகு விசாரித்தால், அவருடைய எல்லாப் படங்களும் இப்படியே பாதியில் நிற்கின்றன. எங்களுக்கு முன்னால் எதிரிகளாக இறங்கிய பால் பூத்காரரும் இஸ்திரிக்காரரும் சாப்பாட்டு இடைவேளையிலேயே பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்களாம்.

போன மாதம் முட்டி வலியில் யுத்தம் படுத்துவிட்டார். பார்க்கப் போனால், ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். "ஒரு படமாச்சும் முட்சிடலாம்னு பாத்தா, ஒருத்தனும் சண்ட போட மாட்றான் மாமே."

உலகத்தில் எவனுக்காவது இப்படி ஒரு குறை உண்டா? எரிச்சலோடு வீடு திரும்பி, நேரே சம்பத்தைக் கூப்பிட்டேன்.

மறுநாள் காலை, அவர் ஜன்னலுக்குக் கீழே நின்றோம்.

"வண்டிய எடுறா!"

"எடுக்க மாட்டேன். இன்னா பண்ணுவ?"

மேலே கட்டில் கிறீச்சிட்டது. "அப்டியே நில்லுங்கடா! ராசியாயிடாதீங்க, போன எடுத்துனு வரேன்!"

சம்பத்தின் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். படியில் பார்த்து இறங்குங்க அண்ணாத்தே. எவ்வளவு நேரமானாலும் நாங்கள் முறைத்துக்கொண்டே இருப்போம்.