இரண்டு மச்சான்களும் ஒரு மெர்ஜும்

திருவேட்டக்குடியில் இருக்கும் மரியாதைக்குரிய பெரிய மச்சான் மருதையன் அவர்களுக்கு, காரைக்கால்மேட்டில் இருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் சிங்காரவேலு எழுதிக்கொண்டது. இங்கு நானும் தமிழரசியும் கல்யாணப் பெண் ஜெயப்ரியாவும் நலம். அங்கு உங்கள் முட்டிவலியும் படகு இஞ்சினும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

போன் செய்தால் கட் பண்ணுகிறீர்கள், ஆகவே கடிதம். மாசி மகத்தில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்று நீங்களும் உங்கள் தம்பி சசிதரனும் முறைத்துக்கொண்டதில் இருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் தம்பி பெயர் இருந்தால் மண்டபத்தை மிதிக்க மாட்டேன் என்று நீங்கள் சொல்லியனுப்ப, அவரும் அதையே சொல்லியனுப்ப, தாய்மாமன் சீர் இல்லாமல் என் பெண்ணை எப்படி மணவறையில் உட்கார வைப்பேன்? இந்த நிலைமையில்தான் ஜெயப்ரியா தன் ஆபீஸ் வேலைக்கு வைத்திருக்கும் கிட் என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு ஒன்றில் பத்திரிகையை ஏற்றினாள்.

"அப்பா, இது மெயின், அசல் பிரதி. இதுல யாரும் கை வைக்கக் கூடாது. உங்களுக்கு ஒரு பிராஞ்ச், அம்மாவுக்கு ஒரு பிராஞ்ச், ஆளுக்கொரு நகல்னு வச்சுக்கங்க. அவங்கவங்க இஷ்டத்துக்கு மாத்திக்கங்க, கடைசியில ரெண்டையும் மெர்ஜ் பண்ணி ஒண்ணாக்கிக்கலாம்" என்றாள். கல்யாணமான நாளில் இருந்து நம் வீட்டில் இப்படி ஓர் ஏற்பாடு இல்லாமல் போயிற்றே என்று எனக்கு ஏக்கமாகிவிட்டது. நான் என் பிராஞ்சில் உங்கள் பெயரைப் போட்டேன். தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அல்லவா, தமிழரசி தன் பிராஞ்சில் சசிதரன் பெயரைப் போட்டாள். நடுவில் என் விரல் பட்டு ஊர்ப் பஞ்சாயத்தார் பெயர் அத்தனையும் காணாமல் போய்விட்டது. எனக்கு வேர்த்துக் கொட்ட, பெண் இரண்டு தட்டுத் தட்டினாள், எல்லாரும் வரிசை மாறாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். நம் பஞ்சாயத்தை அவ்வளவு சீக்கிரம் கூட்டியவர் எவரும் இல்லை மச்சான், கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

பிறகு மெர்ஜ். என்னுடையதில் இருந்து மண்டபத்து முகவரி, அவளுடையதில் இருந்து முகூர்த்த நேரம் என்று அதுவே எடுத்துக் கோத்துக்கொண்டே வந்து, தாய்மாமன் வரியில் நின்றுவிட்டது. உங்கள் பெயர், நடுவில் ஒரு கோடு, சசிதரன் பெயர், மேலும் கீழும் அம்புக்குறிகள்.

"கான்ஃப்ளிக்ட்பா. ரெண்டு பேரும் ஒரே வரியில கை வச்சிருக்கீங்க."

"எது சரின்னு அது சொல்லாதா?"

"சொல்லாது. நீங்கதான் பேசி முடிவு பண்ணணும்."

கடலில் இரண்டு வலை சிக்கினால் ஒன்றை அறுத்துத்தான் எடுக்கிறோம். இது எதையும் அறுக்கவில்லை. எந்தப் பக்கமும் சாயாமல், இருவர் சொன்னதையும் ஓர் எழுத்துக் குறையாமல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. மனிதருக்கு வருமா இந்தப் பொறுமை? எனக்கு வரவில்லை. தமிழரசி மீன் ஏலத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பெண்ணிடம் சசிதரன் வரியை நீக்கச் சொல்லி, பிரஸ்ஸுக்கும் நானே அனுப்பிவிட்டேன். ஆகவே தாய்மாமன் என்று உங்கள் பெயர் மட்டும்தான். தம்பிக்கு வாய் நீளம், வீறாப்பு அதைவிட நீளம். வந்தால் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுப் போகட்டும். நீங்கள் சந்தேகமே இல்லாமல் சீரோடு வர வேண்டியது.

உங்கள் வீட்டில் கல்யாணசுந்தரி அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. கடலம்மா உங்கள் படகை நிறைத்தே கரை சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
சிங்காரவேலு

பின்குறிப்பு: பத்திரிகைக் கட்டு இப்போதுதான் வந்தது. எதையும் தொலைக்காத அந்தக் கம்ப்யூட்டரில் இருந்து நான் அனுப்பியது, நீக்குவதற்கு முந்தைய பிரதியாம். உங்கள் பெயர், கோடு, தம்பி பெயர், அம்புகள் எல்லாம் அப்படியே அச்சாகிவிட்டன. புது டிசைன் என்று நினைத்து பிரஸ்காரர் அம்புகளுக்குத் தங்க நிறம் வேறு கொடுத்திருக்கிறார். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கையில் சசிதரனே வந்துவிட்டார். ஒரு பத்திரிகையை உருவி எடுத்துப் பார்த்தார். "அண்ணன் பேரும் எம் பேரும் ஒரே தாள்ல வந்து எவ்வளவு நாளாச்சு மச்சான். நடுவுல இந்தக் கோடுதான் எதுக்கு?" என்றார். அவருக்குக் கண் கலங்கியது, எனக்கும். முதல் பத்திரிகையை உங்களுக்குத் தன் கையாலேயே வைப்பதாகக் கிளம்பி நிற்கிறார். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். கடிதத்தை மட்டும் அவர் எதிரில் சத்தமாகப் படிக்க வேண்டாம்.