உராய்வை மறந்த ஓணம்

உலகத்திலேயே சூத்திரம் போட்டு ஓணத்தில் தோற்றுக் காட்டிய ஒரே மனிதர் எங்கள் ஆக்சிலரேஷன் சார்தான். தனுவச்சபுரத்தில் ட்யூஷன் சென்டரில் பிசிக்ஸ் எடுத்தவர். பஸ் சடன் பிரேக் போட்டால் நாமெல்லாம் டிரைவரைத் திட்டுவோம். இவர், தன்மேல் வந்து விழுந்தவரைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எத்தன கிலோ உண்டு?" என்பார். நிறையை முடுக்கத்தால் பெருக்கி, விழுந்த விசை இத்தனை நியூட்டன் என்று சொன்ன பிறகுதான் எழுந்திருக்க விடுவார்.

அதைக்கூடப் பொறுக்கலாம். எங்கள் கிளப்பின் வடம்வலி அணிக்கு, அதாவது கயிறு இழுக்கும் அணிக்கு, இவரைக் கோச் ஆக்கினார்களே, அதை எப்படிப் பொறுப்பது? ஓணத்துக்கு ஓணம் அந்த வடத்தில் முதல் ஆளாக நின்று இழுப்பவன் நான். பரிசான ஏத்தங்குலை, அந்த நேந்திரம்பழத் தார், ஒவ்வொரு வருஷமும் பக்கத்து ஊரான செங்கல்காரர்களுக்கே போனது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக என்னைத் தராசில் ஏற்றுவதா?

"எலே மக்கா, நீ அம்பத்திரண்டு கிலோ ஆக்கும். மாஸ் இல்லாதவனுக்கு வடத்துல என்ன வேல?"

"சாரே, எனக்கு கையில பலம் உண்டு."

"பலத்த நான் கணக்கு போட்டுக்கிடுதேன். நீ வெள்ளம் கொண்டு குடு."

என் கைக்குத் தண்ணீர்க் குடம் வந்தது; என் இடத்தில் கல்யாணச் சமையல்காரர் நின்றார். கேரம் போர்டில் சாக்பீஸால் கணக்கு எழுதினார் சார். "ஏழு பேரு, அறுநூறு கிலோ. ஆக்சிலரேஷன் வெறும் அரைன்னு வச்சாலும், நம்மள இழுக்க அவனுவளுக்கு முந்நூறு நியூட்டன் கூடுதல் வேணும். எங்க போவானுவ?"

ஓணத்தன்று மழை. விசில் ஊதியதும் அறுநூறு கிலோவும் சேற்றில் வழுக்கிக்கொண்டு எதிரணியைப் பார்த்துப் போனது.

"அய்யோ, ஃப்ரிக்ஷன விட்டுட்டேன்! புஸ்தகத்துல எப்பவும் அத விடத்தானே சொல்லுவானுவ!" என்று அலறிய சார், இஸ்திரி போட்ட சட்டையோடு பாய்ந்து வடத்தின் வாலைப் பிடித்தார். "மக்கா, நீயும் வா லே!" குடத்தைப் போட்டுவிட்டு நானும் ஓடினேன். ஏழு பேருக்கு எதிராக ஒன்பது பேர் இழுத்தும் தோற்றோம். இந்த அவமானம் எந்த ஊருக்காவது உண்டா?

சேற்றில் மல்லாந்து கிடந்தபடி சார் சொன்னார்: "மக்கா, உனக்க காலு மட்டுந்தான் வழுக்காம நின்னுது. அடுத்த ஓணத்துக்கு நீதான் முன்னால." இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. மகள் வீட்டோடு கொல்லத்துக்குப் போய்விட்டார். இந்த ஓணத்துக்கு நான் முன்னால் நின்றேன். எந்தக் கணக்கும் போடாமல் ஜெயித்தோம்.

கோபம் இன்னும் ஆறவில்லை. நேரில் நாலு வார்த்தை நன்றாகக் கேட்கத்தான் கொல்லம் பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். மடியில் ஏத்தங்குலையின் முதல் சீப்பு. டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொள்கிறேன். ஒரு பழம்கூட நசுங்காமல் சாரிடம் போய்ச் சேர வேண்டும்.