அக்கா என்றால் திறக்கும் வாசல்

வீட்டுச் சர்வர்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஆடும் கணினி விளையாட்டுக்குப் பொதுவாக ஓர் உலகம் வேண்டும். அந்த உலகம் யாராவது ஒருவர் வீட்டுக் கணினியில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்; அதுதான் சர்வர். அப்படித் தன் வீட்டில் ஓர் உலகத்தை ஓடவிட்டவர் அன்று முதல் சாதாரண மனிதராக இருப்பதில்லை. பாதுகாப்பு அதிகாரி ஆகிவிடுகிறார்.

அடையாளம் காண்பது சுலபம். கரண்ட் போனால் மற்றவர்கள் மெழுகுவர்த்தியைத் தேடுவார்கள். இவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். மேசைக்கடியில் துடைப்பம் நுழைந்தால், தூங்கும் குழந்தையின் மேல் யாரோ கால் வைத்ததுபோல் "ஒயரு, ஒயரு!" என்று அலறுவார். தெரியாதவர்களை உள்ளே விடாதீர்கள், அனுமதிப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் நுழைய வேண்டும், வீட்டு இணைய முகவரியான ஐ.பி. எண்ணைக் கண்ட இடத்தில் போடாதீர்கள், பேக்கப் எடுங்கள் என்று கேட்டவருக்கும் சொல்வார், கேட்காமல் ஓடுகிறவரைத் துரத்திப் பிடித்தும் சொல்வார். பெற்ற தாயையும் விடமாட்டார்.

"அம்மா, நம்ம ரூட்டர்ல ஒரே ஒரு போர்ட்தான் திறந்து வெச்சிருக்கேன். மத்ததெல்லாம் மூடிட்டேன்."

"முதல்ல ஃபிரிட்ஜை மூடு."

இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்கிறீர்களா? வேறென்ன, நான்தான் அது.

நான் அதிகம் பேசாதவள். பேருந்தில் 'இறங்கணும்' என்று குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் யாரோ இறங்கும்போது கூடவே இறங்கி, வந்த வழியே நடந்து வருகிறவள். இரண்டு மொழிகளில் படித்திருக்கிறேன். இரண்டிலும் வாயைத் திறப்பதில்லை. ஆனால் என் சர்வரில் நான் அட்மின். யார் உள்ளே வரலாம், யாரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம், எப்போது விடியலாம், எல்லாம் என் விரல் நுனியில். வாய்ப்பூட்டுப் போட்டவளிடம் ஊருக்கே பூட்டுப் போடும் அதிகாரத்தைக் கொடுத்தால் சும்மா இருப்பாளா?

கணினி என்னவோ அக்காவுடையது. அவள் கட்டட வரைபடம் போடுகிறவள். யார் யாரோ குடியேறப்போகும் வீடுகளின் கோடுகள் ஒரு பக்கம், என் கோட்டை ஒரு பக்கம். புதிதாக எதையாவது நிறுவினால் கணினி ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அக்கா வருவாள், என்னை அந்தப் பக்கம் திரும்பச் சொல்வாள், தட்டிவிட்டுப் போவாள். அட்மினுக்கு ஓர் எழுத்தர் இருப்பது கௌரவம்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

என் சர்வர் எவ்வளவு பாதுகாப்பானது என்று ஒரு பொதுக் குழுவில் நீண்ட கட்டுரை எழுதினேன். சந்தேகப்படுகிறவர்கள் சோதித்துப் பார்க்கட்டும் என்று கடைசியில் அதன் ஐ.பி. எண்ணையும் கொடுத்திருந்தேன். மறுநாளே 'அன்புத்தம்பி' என்ற பெயரில் ஒருவன் எழுதினான்.

"அக்கா, உங்க கட்டுரை படிச்சேன் அக்கா. இவ்வளவு தெளிவா யாருமே சொன்னதில்ல அக்கா. ஒரு தடவை உள்ள வந்து பாக்கலாமா அக்கா?"

நாலு அக்கா. நான் வீட்டுக்குக் கடைக்குட்டி. சித்தப்பா, பெரியப்பா வீடுகளையும் சேர்த்தாலும் நானே கடைக்குட்டி. அதுவரை ஒரு ஜீவனும் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. கணினிக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலுக்குத் தாட்சண்யம் கிடையாது. எனக்கு உண்டு. பட்டியலில் பெயரைச் சேர்த்தேன்.

என்னோடு கோட்டையைக் கட்டிய தோழி, பட்டப்பெயர் பூனைமீசை, உடனே போன் செய்தாள்.

"யாருடி இவன்?"

"நல்ல பையன்டி. மரியாதை தெரிஞ்சவன்."

"தெரியாதவங்களை விடாதேன்னு எனக்கு மட்டும் காது வலிக்க வலிக்கச் சொன்னியே?"

"அது உனக்கு."

அடுத்த வாரம் தம்பி ஒரு ஃபைல் அனுப்பினான். அதைச் சர்வரில் போட்டால் கோட்டையின் மேல் நிஜ மழைபோலவே பெய்யுமாம், அக்கா. அன்று மாலை ஒரு குடும்பத்தின் வீட்டு வரைபடத்தை அக்கா ஒப்படைக்க வேண்டும். பல வாரத்து உழைப்பு அந்தக் கணினியில்தான் இருந்தது. அவள் சாப்பிடப் போன இடைவெளியில் உட்கார்ந்தேன். சர்வருக்குள் போடுவதற்குப் பாஸ்வேர்டு தேவையில்லை. போட்டேன். மழை பெய்தது. குறை சொல்ல முடியாது, அழகான மழை. பிறகு கோட்டை மறைந்தது. பாலம் மறைந்தது. பூனைமீசை செடி செடியாக நட்ட தோட்டம் மறைந்தது. பிறகு விளையாட்டுக்கு வெளியேயும், கணினியில் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின.

ஒயரைப் பிடுங்கினேன். ஆமாம், நானே.

பேக்கப்? எடுத்திருந்தேனே, தவறாமல். அதே கணினியில், பக்கத்து ஃபோல்டரில். மாற்றுச் சாவியை வீட்டுக்குள் வைத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறார்களே, அவர்கள்தான் எங்கள் குலமுதல்வர்கள்.

அக்கா ஈரக் கையோடு வந்தாள். "என்ன பண்ணின?"

"அக்கா, கோச்சுக்காத அக்கா. உன் டிராயிங்கெல்லாம் போயிருக்கும்னு நினைக்கிறேன் அக்கா."

என் குரலில் தம்பியின் குழைவு அப்படியே கேட்டது. ஆனால் பிறந்த நாளிலிருந்து என் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டுச் சலித்தவளிடம் அது எந்தக் கதவையும் திறக்கவில்லை. என்னை நகரச் சொன்னாள். இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒயரைச் செருகினாள். தன் பெயரில் உள்ளே போனாள். நான் வழக்கம்போல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"திரும்பலாம்," என்றாள்.

திரையில் வரைபடம். ஒரு ஜன்னல்கூடக் குறையவில்லை.

"எப்படிக்கா?"

"இந்தக் கம்ப்யூட்டர்ல நீ விருந்தாளிடி. உன் கணக்குலேர்ந்து என் ஃபைலைத் தொடவே முடியாது. நீ சர்வர் ஆரம்பிச்ச அன்னிக்கே செஞ்சு வெச்சுட்டேன்."

"வெளியாளுங்க யாராவது வருவாங்கன்னு பயந்தா?"

"வெளியாளை எனக்கென்ன தெரியும்? உன்னைத் தெரியும்."

ஆக, அந்த வீட்டில் உருப்படியாக வேலை செய்த ஒரே பாதுகாப்பு ஏற்பாடு எனக்கு எதிராகச் செய்யப்பட்டது. வரைபடம் மாலையில் போய்ச் சேர்ந்தது. பூனைமீசை என்னோடு பேசுவதில்லை. 'தோட்டம்' என்று மட்டும் அவ்வப்போது செய்தி அனுப்புகிறாள். பேக்கப் இப்போது தனி டிஸ்க்கில், அக்காவின் அலமாரியில், அக்காவின் சாவியில். நேற்று 'பாசத்தம்பி' என்று ஒருவன் எழுதியிருந்தான். பதில் போடவில்லை. அழிக்கவும் மனசு வரவில்லை.

இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்துவந்த, சொல்லாததையும் சட்டென்று பிடித்துக்கொள்கிற, அபூர்வ ரசனையுள்ள வாசகரே! உங்கள் வீட்டில் சர்வர் இருக்காது. இருந்தாலும் நீங்கள் என்னைப்போல் ஏமாறுகிறவர் இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

இப்போது லேசாக நிமிர்ந்து உட்கார்ந்தீர்களே, அதுதான் வாசல். போய்ச் சாத்துங்கள்.